ரதியின் பக்கம் சாய்ந்த கதை

மாசி மாதத்தில் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர் மலைகள் இலை உதிர்த்து நிற்கும். மரத்தில் பால் குறையும். மழையும் குறைந்திருக்கும். ஊர் கூடி விடிய விடியத் திறந்த வெளியில் உட்காரத் தோதான காலம் அது. தோட்டத்துக் காமன் கூத்து வருவதும் அந்தக் காலத்தில்தான். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக்கண் நெருப்பில் சாம்பலான கதை தமிழர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதைப் புராணத்திலோ சமய பாடப் புத்தகத்திலோ படித்தவருக்குத் தெரிந்த கதை ஒன்று. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வாசலில் பார்த்து வளர்ந்தவருக்குத் தெரிந்த கதை இன்னொன்று. இந்த இரண்டாவது கதையைப் பாமரரின் வடிவம், மூலம் சிதைந்த வடிவம் என்று ஒதுக்கி வைப்பது படித்தவர்களின் பழக்கமாகிவிட்டது. இதே மக்களை வைத்து இலங்கையிலேயே எடுக்கப்பட்ட சில தமிழ்ப் படங்களுக்கும் அந்தக் கதிதான் நேர்ந்தது. இரண்டையும் தள்ளிவைத்த அளவுகோல் ஒன்றே. எது பெரிய நூலைப் போல இல்லையோ, எது சென்னைப் படத்தைப் போல இல்லையோ, அது குறைப் பிறவி என்பது அந்த அளவுகோல். அது தவறான அளவுகோல் என்பதற்கு அந்தக் கூத்தும் அந்தப் படங்களுமே சான்று.

முதலில் நூலைப் பார்ப்போம். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் காமதகனம் ஒரு படலம். சூரபன்மன் கொடுமை தாங்காமல் தேவர்கள் தவிக்கிறார்கள். அவனை அழிக்க முருகன் பிறக்க வேண்டும். முருகன் பிறக்கச் சிவன் யோகம் நீங்கிப் பார்வதியை மணக்க வேண்டும். அதற்காகத்தான் மன்மதனின் மலர்க்கணை. ஆக, மன்மதன் அந்தப் பெரிய ஏற்பாட்டில் ஒரு படிக்கட்டு. அவன் எரிகிறான், ரதி அழுகிறாள், சிவன் திருமணத்தின்போது அவளுக்காக அவன் மீண்டும் எழுகிறான், காவியம் சூரசங்காரத்தை நோக்கிப் போய்விடுகிறது. முருகனின் பெருமையைச் சொல்ல எழுந்த நூல் அப்படித்தான் போகும். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

தோட்டத்துக் காமன் கூத்தில் எடை வேறு இடத்தில் விழுகிறது. மாசி அமாவாசை கழிந்து பிறை தெரியும் நாட்களில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து நிறைநிலவை ஒட்டிக் காமன் எரியும் இரவு வரை அது தோட்டம் முழுவதற்குமான விழா. வேஷம் கட்டுபவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். கூத்தைப் பழக்கும் மாஸ்டருக்குப் பாட்டும் தர்க்கமும் மனப்பாடம். சிலரிடம் கையெழுத்துக் கொப்பியும் இருக்கும். தப்பு முழங்க, பந்த வெளிச்சத்தில் ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். தேவேந்திரன், தூதன், நந்தி, எமன், குறவன் குறத்தி என்று பாத்திரங்கள் வரிசையாக வரும். தட்சன் வேள்வியை அழிக்கும் வீரபத்திரன் புகும்போது முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் எழுந்து ஓடுவது எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான். இவ்வளவு கூட்டத்துக்கும் நடுவில் கூத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், ரதிக்கும் மதனுக்கும் நடக்கும் தர்க்கத்தில். தேவேந்திரனின் ஓலையைத் தூதன் கொண்டு வருகிறான். ரதி ஏற்கெனவே கெட்ட கனவு கண்டிருக்கிறாள். போகாதே என்கிறாள். என் பேச்சைக் கேள் என்கிறாள். மேலிடத்துக் கட்டளை, போகாமல் இருக்க முடியாது என்கிறான் மதன். இந்த வாக்குவாதம் பாட்டும் வசனமுமாக நீண்டுகொண்டே போகும். பார்ப்பவர்களுக்கு முடிவு தெரியும். இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் ரதி இந்த முறை வென்றுவிடமாட்டாளா என்று மனம் அவள் பக்கம் சாயும்.

கூத்து எதற்கு நேரம் ஒதுக்குகிறது என்பதை வைத்தே அது எதை முக்கியமாகக் கருதுகிறது என்று சொல்லிவிடலாம். முருகப்பெருமானின் பிறப்பு இங்கே கதையின் இலக்காக வருவதில்லை. வேறொருவரின் காரியத்துக்காக, வேறொருவரின் ஏவலின் பேரில், ஒருவன் போகிறான். போனவன் திரும்பவில்லை. அதன் விலையைக் கொடுப்பவள் வீட்டில் இருந்தவள். காலையில் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் சொன்ன இடத்துக்குப் போய் வாழ்ந்த சமூகம் இந்தக் கதையை இப்படிப் பிடித்துக்கொண்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கட்டளை மேலிருந்து வருவதையும், கட்டளையிட்டவனுக்கு ஒன்றும் ஆகாமல் போனவன் மட்டும் எரிவதையும் அந்த மக்கள் எவரும் சொல்லித்தந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

வடமொழியில் காளிதாசனே குமாரசம்பவத்தில் ரதியின் புலம்பலுக்கு ஒரு முழுச் சர்க்கத்தைக் கொடுத்திருக்கிறானே, கூத்தில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காளிதாசனின் ரதி அங்கே கணவன் எரிந்த பிறகு அழுகிறாள். தோட்டத்து ரதி அவன் புறப்படுவதற்கு முன்பே பேசுகிறாள். அழுகைக்கு இடம் கொடுப்பது வேறு, எதிர்ப்புக்கு இடம் கொடுப்பது வேறு. அவள் சொல்வது சரி என்பது கதை முடியும்போது நிரூபணமாகிறது. இந்த ஒன்றுக்காகவே இந்தக் கூத்தைத் தனி வாசிப்பாக மதிக்க வேண்டும். தஞ்சை மாவட்டத்துக் காமன் பண்டிகையில் லாவணி பாடுவோர் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து இரவெல்லாம் வாதாடும் மரபு உண்டு. மன்மதன் உண்மையில் எரிந்தானா இல்லையா என்பதையே கேள்வியாக வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். மூலத்தை அறியாமல் சிதைத்தவர்களின் வேலையா இது? மூலத்தோடு வாதாடத் தெரிந்தவர்களின் வேலை. அப்படிப்பட்ட சோழநாட்டு ஊர்களிலிருந்தும் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள்தான் கேகாலையில் இறப்பர் வெட்டியவர்களும் பலாங்கொடையில் கொழுந்து பறித்தவர்களும்.

கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்த சப்ரகமுவவுக்கு இதில் இன்னொரு சிறப்பும் இருக்கிறது. நுவரெலியாவைப் போல இங்கே தோட்டங்கள் தொடர்ச்சியாகப் பரந்து கிடப்பதில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக இருக்கின்றன. அந்தக் கிராமங்களில் கண்ணகியைப் பத்தினி தெய்யோ என்று வழிபடுகிறார்கள். இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்து வளவிலும் பத்தினிக்குக் கோயில் உண்டு. கம்மடுவ என்னும் கிராமச் சடங்கில் அவள் கதை பாடி ஆடப்படுகிறது. அந்த வடிவத்தில் அவள் மாங்கனியில் பிறந்தவள். அவள் கணவனின் பெயர் பாலங்க. கொல்லப்பட்ட அவனை அவள் உயிரோடு எழுப்புகிறாள். மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984-இல் வெளியிட்ட பெருநூலில் இந்தச் சடங்குகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். நம் சிலப்பதிகாரத்திலும் வெட்டுண்ட கோவலன் ஒரு கணம் எழுந்து கண்ணகியின் கண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் போகிறான். அந்த ஒரு கணத்தைச் சிங்களக் கிராமம் முழு மீட்சியாக வளர்த்தது. தோட்டத்திலும் ரதிக்குக் கணவன் திரும்பக் கிடைக்கிறான். எரித்த மூன்றாம் நாள் காமனை எழுப்பும் சடங்கு செய்யும் தோட்டங்கள் உண்டு. வேலியின் இரு பக்கமும் மொழி வேறு, தெய்வம் வேறு. ஆனால் இறந்த கணவனை மனைவி விடாமல் மீட்டுவிடும் கதையையே இரு பக்கத்துப் பிள்ளைகளும் கேட்டு வளர்ந்தார்கள். இதைக் கண்டு இரு தரப்புக்கும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நம் ஆய்வாளர்கள். போதிய அளவு சொல்லவில்லை என்பதே என் வருத்தம்.

இனிச் சினிமா. தோட்ட மக்களின் கற்பனையில் கூத்துக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது சென்னைப் படம். நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆரை மலையகம் தன் பிள்ளையாகவே கொண்டாடியது. 1956-இல் யோகானந்த் இயக்கி, கண்ணதாசன் வசனம் எழுதிய ‘மதுரை வீரன்’ இங்கே வெறும் படமாக இருக்கவில்லை. மதுரை வீரன் ஏற்கெனவே தோட்டத்துக் காவல் தெய்வம். கோயிலில் கும்பிட்ட சாமி திரையில் வந்து நடந்தது. அந்தப் படத்தில் வீரனை எடுத்து வளர்க்கும் செருப்புத் தைக்கும் தம்பதியாக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் நடித்தார்கள். அவன் பிறப்பால் அரச வித்து என்ற பகுதி பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டது, அவன் அந்த எளிய குலத்திலேயே பிறந்தவன் என்று வாதிடுவோர் உண்டு. படம் அரச வித்து என்ற பக்கத்தையே எடுத்துக்கொண்டது. பெரிய படம் சொன்னதால் அதுவே கதை என்றாகிவிடாது. ஒரு தெய்வத்தின் கதை எந்தப் பக்கம் வளைந்தால் யாருக்கு வசதி என்று பார்க்கத் தெரிந்தவருக்கு, சிறுவயதில் கோயில் வாசலில் கேட்ட வடிவமும் சான்றாகவே நிற்கும்.

இந்தப் பெருவெள்ளத்தில் மூழ்கிப்போனவை உள்நாட்டுப் படங்கள். இலங்கையின் முதல் தமிழ்ப் படமாகச் சொல்லப்படும் ‘சமுதாயம்’ 1962-இல் வந்தது. அடுத்த ஆண்டே வந்தது கிருஷ்ணகுமாரின் ‘தோட்டக்காரி’. இந்த நாட்டுத் தமிழ்ச் சினிமா தன் இரண்டாவது அடியையே தேயிலைத் தோட்டத்தில் எடுத்துவைத்தது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 1972-இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தொடங்கி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபின் உள்ளூர்ப் படங்களுக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைத்தது. தொழிற்சங்கத் தலைவரான வி.பி. கணேசன் 1975-இல் ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்துக் கதாநாயகனாக நடித்தார். தோட்டத் தொழிலாளியின் வாழ்வு அதற்குக் கதை. 1978-இல் ‘நான் உங்கள் தோழன்’, 1981-இல் ‘நாடு போற்ற வாழ்க’ என்று அவர் தொடர்ந்தார். தொழிலாளரிடையே சங்கம் நடத்தியவர் அவர்களுக்காகப் படமும் எடுத்தார் என்பது தமிழ்ச் சினிமா வரலாற்றில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

இந்தப் படங்கள் கலைத்தரத்தில் குறைந்தவை, சென்னைப் படத்தின் வார்ப்பிலேயே பாட்டும் சண்டையுமாக எடுத்த நகல்கள் என்ற குற்றச்சாட்டு பழையது. அதில் உண்மை உண்டு. பணம் குறைவு, கருவிகள் குறைவு, பயிற்சியும் குறைவு. ஆனால் வார்ப்பு கடன் வாங்கியது என்பதாலேயே வார்த்ததும் கடன் ஆகிவிடுமா? சென்னைப் படத்தில் இலங்கைத் தோட்டத்துத் தொழிலாளிக்கு என்ன இடம் இருந்தது? அவன் அங்கே இல்லவே இல்லை. தன் மலையையும் தன் லயத்தையும் தன் வழக்கையும் திரையில் முதன்முதலாகக் கண்ட பார்வையாளனுக்கு அந்தப் படம் கொடுத்ததை, நூறு நாள் ஓடிய எந்தப் படமும் கொடுத்திருக்க முடியாது. படத்தின் தரத்தை அளக்கும்போது அது யாருடைய முகத்தை முதலில் காட்டியது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளியான நாளில் கிடைத்த வரவேற்பை நம்பவும் முடியாது. தர்மசேன பத்திராஜ இயக்கி, காவலூர் இராசதுரை திரைக்கதை எழுதிய ‘பொன்மணி’ 1977-இல் வந்தபோது கூட்டம் சேரவில்லை. யாழ்ப்பாணத்துச் சீதனக் கொடுமையை ஆரவாரமில்லாமல் சொன்ன அந்தப் படத்தை இன்று இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் உயரங்களில் ஒன்றாகப் பேசுகிறார்கள். அன்று வரிசையில் நின்று சீட்டு வாங்காதவர்களின் தீர்ப்பு மாறியதற்குக் காரணம், படம் பிழைத்திருந்து மறுபடி பார்க்கக் கிடைத்ததே. மறுபடி பார்க்கக் கிடைக்காத படத்துக்கு மேன்முறையீடு கிடையாது.

அந்த வாய்ப்பு பல படங்களுக்கு இல்லாமல் போனதும் தானாக நடந்ததல்ல. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக மூண்ட வன்முறையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. படச்சுருள்கள் சாம்பலாயின. இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். கூத்துக்கு நேர்ந்தது இதைவிட மெதுவானது, ஆனால் ஆழமானது. 1948-இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதியது. கப்பலேறிப் போனவர்களில் மாஸ்டர்களும் இருந்தார்கள், ரதி வேஷம் கட்டியவர்களும் இருந்தார்கள், தப்புக்காரர்களும் இருந்தார்கள். 1977-இலும் 1981 ஓகஸ்டிலும் வன்முறை மூண்டபோது இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. லயங்களை விட்டு ஓடியவர்களில் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். ஒரு கூத்துக்கு இருபது முப்பது பேர் வேண்டும். அதில் ஐந்து பேர் போனாலே இரவு முழுவதும் ஆட முடியாது. பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு மயங்கினார்கள், அதனால் கூத்து அழிந்தது என்று சொல்லிவிடுவது எளிது. சிங்களக் கிராமங்களுக்கும் தொலைக்காட்சி வந்தது, ஆனால் கம்மடுவ நின்றுபோகவில்லை. ஆட்களையே பிடுங்கி எறிந்துவிட்டுக் கலை ஏன் வாடியது என்று கேட்பது நேர்மையாகாது.

இன்னொரு மறுப்பை இதைவிடக் கவனமாகக் கேட்க வேண்டும். கூத்தோடு சாதியும் சேர்ந்தே வந்தது. தப்பு அடிப்பது இன்னாரின் கடமை என்று ஒரு பிரிவினர் மேல் சுமத்தப்பட்டது. எந்த வேஷம் யாருக்கு என்பதிலும் பல இடங்களில் ஏற்றத்தாழ்வு இருந்தது. ரதியின் துயரம் பேசும் கூத்தில் பெண்கள் மேடைக்கு வெளியே நின்றார்கள், ரதியாக ஆடியவர் ஆண். ஆகவே இதையெல்லாம் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று கேட்கும் இளைஞர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தப்பைத் தூக்க மறுத்தவர்களின் மறுப்பும் மதிக்க வேண்டியதுதான். ஆனால் கதையையும் சுமையையும் பிரிக்கவே முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் பறையை மேடையேற்றி, பெண்கள் உட்பட எல்லோரும் அடிக்கும் கருவியாக மாற்றிக்காட்டியிருக்கிறார்கள். தோட்டத்துக் காமன் கூத்தில் ஒரு பெண் ரதியாக நின்று தானே தர்க்கம் பேசினால், அந்தக் கூத்து இத்தனை காலம் சொல்லிவந்தது முழுமை அடையும். பதிவு செய்பவர்கள் இந்த ஏற்றத்தாழ்வுகளை மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும். இனிப்பு மட்டும் தடவிய நினைவு ஆவணம் ஆகாது.

இது தமிழ்நாட்டிலிருந்து வந்த சரக்குத்தானே, அங்கே இருக்கும்போது இங்கே எதற்கு என்பாரும் உண்டு. பொன்னர் சங்கர் கதையை எடுத்துக்கொள்வோம். மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் கூத்துகளில் அதுவும் ஒன்று. கொங்கு நாட்டில் அந்த அண்ணன்மார் கதையை 1965-இல் பிரெண்டா பெக் என்ற கனடிய மானிடவியலாளர் பாடகரின் வாயிலிருந்தே முழுதாகப் பதிவு செய்தார். அந்தப் பதிவு நூலானது, பிற்பாடு 26 பகுதிகளில் அசைபடத் தொடரும் ஆனது. கலைஞர் அதை நாவலாக எழுதினார், 2011-இல் பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடித்துப் படமும் வந்தது. கொங்கு வடிவம் பிழைத்துக்கொண்டது. ஆனால் அதே கதை கடல் தாண்டி, இரண்டு நூற்றாண்டுத் தோட்ட வாழ்வில் எதை உதறியது, எதைச் சேர்த்தது என்பதைக் கொங்கு வடிவம் நமக்குச் சொல்லாது. மலையகத்திலும் முன்னோடிகள் இருந்தார்கள். ஸி.வி. வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்க’ளைத் தொகுத்தார். மாத்தளை வடிவேலன் பாரம்பரியக் கலைகளை எழுதிவைத்தார். ஆனாலும் மலையகம் என்றால் பலருக்கும் ஹட்டனும் நுவரெலியாவும்தான் நினைவுக்கு வருகின்றன. 2023-இல் மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். அந்த ஆண்டிலும் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்கள் பேச்சின் ஓரத்திலேயே நின்றன.

இங்கே அவசரமும் அதிகம். தமிழ்ப் பாடசாலை எட்டாததால் சிங்கள மொழியில் படிக்கும் தோட்டப் பிள்ளைகள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் உண்டு. பாடப்புத்தகத்தின் வழியாகவும் தமிழ்க் கதை வந்து சேராத அந்தப் பிள்ளைகளுக்குக் காமன் பொட்டல்தான் தமிழ்ப் பள்ளியாக இருந்தது. பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாசி மாதத்தில் ஒரு குழு ஒளிப்பதிவுக் கருவியோடு சில தோட்டங்களுக்குப் போய், விழாவுக்காகச் சுருக்கிய அரைமணிக் காட்சியை விட்டுவிட்டு, கம்பம் ஊன்றுவதிலிருந்து எரிப்பு வரை முழு இரவுகளையும் பதிவு செய்தால் போதும். பெருஞ்செலவு பிடிக்கும் வேலையில்லை. பக்கத்துக் கிராமத்துக் கம்மடுவவையும் அதே கருவி பதிவு செய்யலாம். உள்நாட்டுப் படங்களில் பிழைத்திருக்கும் பிரதிகளைத் தேடி எண்மப்படுத்துவது திரைப்படக் கூட்டுத்தாபனம் செய்ய வேண்டிய கடமை.

வாசகர்களும் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய மாஸ்டரின் கூத்துக் கொப்பி, ‘புதிய காற்று’ காலத்துப் பாட்டுப் புத்தகம், கூத்து வேஷத்தில் எடுத்த ஒரு புகைப்படம் எதுவாவது இருந்தால் கறையானுக்கும் மழை ஒழுக்குக்கும் விட்டுவிடாதீர்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. கைத்தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாவது அவர்களுக்குக் கிடைக்கச் செய்யுங்கள். பாட்டு மனப்பாடமாகத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால், அடுத்த மாசிக்கு முன்பே அவரை உட்காரவைத்து ரதியின் தர்க்கத்தை முதலிலிருந்து கடைசி வரை சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.